வகுபடாத எண் கேட்ட ராஜா

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவின் அரண்மனையில், இட்லியைப் பிட்டுச் சாப்பிடக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. முழு இட்லியை அப்படியே வாய்க்குள் தள்ள வேண்டும். தள்ளிய பிறகு வாயில் சட்னிக்கு இடம் இருக்காது. சட்னியை முதலில் குடித்துவிட்டால் இட்லிக்கு ருசி இருக்காது. இதற்கு என்னதான் வழி என்று அரண்மனை விகடகவி அம்பலத்தாடி தினமும் காலையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து யோசிப்பார். வழி கிடைத்ததே இல்லை.

சட்டம் வந்ததற்குக் காரணம் ஒரு மாம்பழம். ராஜா செங்கோடவர்மருக்கு இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் இருவரும் ஒரே மாம்பழத்துக்குச் சண்டை போட்டார்கள். சமையல்காரர் சும்மா இருக்காமல், "இரண்டாக வெட்டிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது" என்றார். அது ராஜாவின் காதில் விழுந்தது. தனக்குப் பிறகு ராஜ்யத்தையும் இப்படித்தான் வெட்டுவார்களோ என்று அவருக்கு உதறல் எடுத்துவிட்டது. அன்று முதல் பாதி, பங்கு, கூறு என்ற சொற்களே அரண்மனையில் ஒலிக்கக் கூடாது என்றார். வெற்றிலையைக் கிழிக்கக் கூடாது. இட்லியைப் பிட்கக் கூடாது.

அதோடும் நிற்கவில்லை. ஒரு நாள் சபையில் ராஜா சொன்னார்:

"என் ராஜ்யத்துக்கு அடையாளமாக ஓர் எண் வேண்டும். மிகப் பெரிய எண்ணாக இருக்க வேண்டும். ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடக் கூடாது. அரண்மனை வாசலில் அதைக் கல்லில் நாட்டுவேன். பார்க்கிறவர்கள் இந்த ராஜ்யமும் வகுபடாது என்று தெரிந்துகொள்ளட்டும்."

கணிதப் பண்டிதர் திரிலோசனர் எழுந்தார். அவர் நன்றாகப் படித்தவர்தான். ஆனால் ராஜா அம்பலத்தாடியைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, எண்களில் தலையானது ஒன்று. ஆகவே ஒன்றுகளால் மட்டுமே ஆன ஓர் எண்ணைத் தங்களுக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று. இப்படி மொத்தம் தொண்ணூற்றொரு ஒன்றுகள்."

அந்த நாட்டில் ஒன்று என்பதை நிமிர்ந்த கோடாக எழுதுவது வழக்கம். ஆகவே ஓர் ஒன்றுக்கு ஒரு கல்தூண் போதும். தொண்ணூற்றொரு தூண்களை ஒரே வரிசையில் நட்டால் எண் தயார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தூண்கள்தான் தொண்ணூற்றொன்று, எண் தொண்ணூற்றொன்று அல்ல. இரண்டு தூண் நின்றால் அது பதினொன்று. மூன்று நின்றால் நூற்றுப் பதினொன்று. நான்கு நின்றால் ஆயிரத்து நூற்றுப் பதினொன்று. ஒவ்வொரு தூணும் எண்ணைப் பத்து மடங்குக்கு மேல் பெரிதாக்கிவிடும். அந்த நாட்டு ஆற்று மணல் முழுவதையும் எண்ணி எழுதினால்கூட முப்பது இலக்கத்தைத் தாண்டாது. இதுவோ தொண்ணூற்றொரு இலக்கம்.

"வகுபடாது என்று எப்படிச் சொல்கிறீர்?" என்று கேட்டார் ராஜா.

"கடைசி இலக்கம் ஒன்று. ஆகவே இரண்டாலும் ஐந்தாலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் தொண்ணூற்றொன்று. அது மூன்றால் வகுபடாததால் இந்த எண்ணும் மூன்றால் வகுபடாது. இப்படி ஐம்பது வரை ஒவ்வோர் எண்ணாலும் சோதித்துவிட்டேன். தூண்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், தொண்ணூற்றொன்று! அதுவே வகுபடாத எண். மகாராஜா, எந்த எண்ணும் இதற்குள் நுழைய முடியாது!"

அவர் கையை உயர்த்தி இதைச் சொன்ன நேரத்தில், பக்கத்தில் நின்ற சேனாதிபதிக்குக் காலையில் தள்ளிய இட்லி இன்னும் உள்ளே போகவில்லை. இரண்டு கன்னமும் உப்பி, கண் பிதுங்கி, மீசை துடித்துக்கொண்டு நின்றார். 'நுழைய முடியாது' என்ற சொல்லும் அந்தக் கன்னமும் ஒரே நேரத்தில் அம்பலத்தாடியின் கண்ணிலும் காதிலும் பட்டன. அவர் கொல்லென்று சிரித்துவிட்டார்.

சபை முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"எதற்குச் சிரித்தாய், அம்பலத்தாடி?" என்றார் ராஜா.

இட்லியைப் பார்த்துச் சிரித்தேன் என்றால் சட்டத்தைப் பார்த்துச் சிரித்ததாகும். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"அந்த எண் வகுபடும் மகாராஜா. அதனால்தான் சிரித்தேன்."

திரிலோசனர் இதற்காகவே காத்திருந்தவர்போல் ஓரடி முன்னே வந்தார். "வகுபடுமா? எதனால் வகுபடும் என்று இவர் காட்டட்டும். தூண்கள் திறக்கப்படும் நாளில், எல்லோருக்கும் முன்னால் காட்டட்டும். காட்டாவிட்டால், தங்கள் ராஜ்யத்தின் அடையாளத்தைப் பழித்தவருக்கு என்ன தண்டனை என்று மகாராஜாவே முடிவு செய்ய வேண்டும்."

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "காட்டாவிட்டால் இவன் விகடகவி இல்லை. அரண்மனைச் செக்கில் மாட்டுக்குப் பதிலாக இவனைக் கட்டுங்கள். ஆயுள் முழுக்கச் சுற்றட்டும்."

அம்பலத்தாடி வீட்டுக்கு வந்து முற்றத்தில் மணலைக் கொட்டி, அதில் ஒன்றுகளாகக் கீறத் தொடங்கினார். முற்றம் முழுவதும் கோடுகள். அவர் மனைவி வடிவு விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"ஏங்க, வகுபடும்னு சொன்னீங்களே, எதால வகுபடும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மண்ணுல உக்காந்திருக்கேன்?"

"தெரியாமலா சொன்னீங்க?"

"வாய் சொல்லிடுச்சு வடிவு. மூளையைக் கேக்கல."

"நல்ல வாய். செக்குல கட்டும்போது அந்த வாயைத்தான் முதல்ல கட்டச் சொல்லணும்."

அப்போது வாசலில் செருமல் கேட்டது. செக்குக்கார வைரவன். நல்ல மனிதர். கையில் ஒரு கயிறு வைத்திருந்தார்.

"சாமி கோவிச்சுக்கக் கூடாது. கழுத்தை அளந்துட்டுப் போகலாம்னு வந்தேன். நுகத்தடி மாட்டுக்குச் செஞ்சது பாருங்க." அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரொம்ப மெலிசு. பரவாயில்ல, துணி சுத்திக்கலாம். எங்க மாடு இடது பக்கமாச் சுத்தும். உங்களுக்கு எந்தப் பக்கம் தோது?"

"வைரவா, நான் தோத்துப்போவேன்னு முடிவே பண்ணிட்டியா?"

"ஐயோ, இல்ல சாமி. ஜெயிச்சா சந்தோஷம். தோத்தா வேலை நிக்கக் கூடாது பாருங்க. கண்ணைக் கட்டிடுவோம், தலை சுத்தாது."

அவர் போனதும் அம்பலத்தாடிக்கு உட்கார்ந்தபடியே தலை சுற்றியது. பெரிய எண்ணை விட்டுவிட்டு, சின்ன வரிசைகளைப் பார்க்கலாம் என்று நினைத்தார். இரண்டு ஒன்றுகள், பதினொன்று, எதனாலும் வகுபடவில்லை. மூன்று ஒன்றுகள், நூற்றுப் பதினொன்று. மூன்றால் வகுத்தால் முப்பத்தேழு. நான்கு ஒன்றுகள், பதினொன்றால் வகுத்தால் நூற்றொன்று. ஐந்து ஒன்றுகளோடு நாளெல்லாம் மல்லுக்கட்டினார். கடைசியில் நாற்பத்தொன்றால் வகுபட்டது. ஆறு ஒன்றுகள் மூன்றால், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் எல்லாம் வகுபட்டன. ஏழு ஒன்றுகளை நூறு வரை எல்லா எண்களாலும் வகுத்துப் பார்த்தார். எதற்கும் மசியவில்லை.

"ரெண்டு மாட்டேங்குது. அஞ்சு கடைசியில வழிக்கு வருது. ஆறு கூப்பிட்ட உடனே வருது. ஏழு திரும்பியே பார்க்க மாட்டேங்குது. இதுல என்ன ஒழுங்கு இருக்கு? ஏழுக்கே வழி தெரியல, தொண்ணூத்தொண்ணுக்கு எங்கே போவேன்?"

"எனக்கு என்ன தெரியும்? கொஞ்சம் நகருங்க, கோலம் போட இடம் வேணும்," என்றாள் வடிவு. ஆனால் அவர் கீறிய கோடுகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள். அம்பலத்தாடி அரண்மனை வாசலுக்குப் போனார். தூண்களைக் கண்ணால் பார்த்தாலாவது ஏதாவது தோன்றாதா என்று ஆசை. தூண்கள் கண்ணில் படவில்லை. திறக்கும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று வரிசை முழுவதும் சிவப்புத் திரைகள் கட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரே அளவுத் திரைகள். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கியது.

தூரத்தில் வைரவன் வருவது தெரிந்தது. தோளில் நுகத்தடி, மாட்டிப் பார்த்துவிடலாம் என்று எடுத்து வருகிறார் போலிருக்கிறது. அம்பலத்தாடி சட்டென்று பக்கத்துத் திரைக்குள் புகுந்தார்.

"சாமீ! இங்கதானே இருந்தீங்க? ஒரு தடவை மாட்டிப் பாத்துட்டுப் போயிடறேன் சாமீ!"

காலடிச் சத்தம் நெருங்கியது. அம்பலத்தாடி அடுத்த திரைக்குள் நகர்ந்தார். சத்தம் அங்கேயும் வந்தது. இன்னொரு திரை. திரும்பி வந்து ஒரு திரை. மறுபடி முன்னால் ஒன்றோ இரண்டோ. கடைசியில் வைரவன் அலுத்துப்போய்த் திரும்பிவிட்டார். அம்பலத்தாடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

இப்போது எந்தத் திரைக்குள் இருக்கிறோம்?

தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தார். சிவப்புத் துணி, ஏழு தூண். அடுத்ததற்குள் எட்டிப் பார்த்தார். சிவப்புத் துணி, ஏழு தூண். முதல் திரையா, நடுத் திரையா, கடைசித் திரையா? எந்த அடையாளமும் இல்லை. ஒரு முனைவரை நடந்து போனார். கடைசித் திரையாவது குறைந்து நிற்கும் என்று பார்த்தால், அதற்குள்ளும் சரியாக ஏழு தூண்தான்.

"சே, எல்லாம் ஒரே மாதிரி இருந்தா மனுஷன் எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது?" என்று முனகினார்.

முனகியவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லாம் ஒரே மாதிரி. எல்லாம் ஒரே மாதிரி! கீழே உட்கார்ந்து மண்ணில் ஆறு கோடுகள் கீறினார். மூன்று மூன்றாகக் கையால் மறைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, அப்போதும் முழுக்க நம்பிக்கை இல்லாமல், வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் ஊரே கூடியிருந்தது. ராஜா, இரண்டு இளவரசர்கள், மந்திரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். வைரவன் ஓரமாக நுகத்தடியோடு நின்றார். திரிலோசனர் புதுப் பட்டு உடுத்தியிருந்தார்.

"அம்பலத்தாடி, எந்த எண்ணால் வகுபடும்? சொல்," என்றார் ராஜா.

"சொன்னால் பண்டிதர் நம்ப மாட்டார் மகாராஜா. ஆகவே தாங்களே வகுத்துப் பாருங்கள். முதலில் தங்கள் இரண்டு கைகளிலும் மும்மூன்று விரல்களை நீட்ட வேண்டும்."

ராஜா குழப்பத்தோடு நீட்டினார்.

"ஒரு விரல் ஓர் ஒன்று. மொத்தம் ஆறு ஒன்றுகள், அதாவது ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. இதை நூற்றுப் பதினொன்றால் வகுக்க வேண்டும். இடது கையில் இருப்பது என்ன?"

"மூன்று ஒன்றுகள். நூற்றுப் பதினொன்று."

"அதில் நூற்றுப் பதினொன்று எத்தனை முறை போகும்?"

"ஒரு முறை. மீதி இல்லை."

"மீதி இல்லாததால் இடது கையை மறந்துவிடலாம். வலது கையைப் புதிதாகத் தொடங்கலாம். அதிலும் நூற்றுப் பதினொன்று. அதுவும் ஒரு முறை போகும், மீதி இல்லை. ஆறு ஒன்றுகளும் வகுபட்டுவிட்டன. ஈவு ஆயிரத்தொன்று."

ராஜா தன் விரல்களை மாறி மாறிப் பார்த்தார். சேனாதிபதியும் ரகசியமாக விரல்களை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போது முதல் திரையை விலக்குங்கள் மகாராஜா."

திரை விலகியது.

"ஏழு ஒன்றுகள்," என்றார் ராஜா.

"ஏழு ஒன்றுகளால் ஆன எண்ணாலேயே வகுப்போம். பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. எத்தனை முறை போகும்?"

"ஒரு முறை. மீதி..." ராஜா சற்று நிறுத்தினார். "இல்லை."

அடுத்த திரை. ஒரு முறை, மீதி இல்லை. அடுத்தது. கூட்டமும் சேர்ந்து கத்தத் தொடங்கிவிட்டது: "ஒரு முறை! மீதி இல்லை!" திரிலோசனர் மட்டும் கடைசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தூணாவது குறையும், ஒரு தூணாவது மிஞ்சும் என்று அவருக்கு நம்பிக்கை. கடைசித் திரை விலகியது. ஏழு தூண்கள்.

"ஒரு முறை! மீதி இல்லை!"

"பதின்மூன்று திரைகள், ஒவ்வொன்றிலும் ஏழு தூண்கள்," என்றார் அம்பலத்தாடி. "பண்டிதரே, பதின்மூன்றை ஏழால் பெருக்கினால் என்ன வரும்?"

திரிலோசனர் விரல்விட்டு எண்ணினார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். மறுபடி எண்ணினார். "தொண்ணூற்... ஆனால் தொண்ணூற்றொன்று வகுபடாத எண் என்றுதான்... பார்க்க அப்படித்தானே இருக்கிறது?"

அவர் மேல் முழுப் பழியும் போட முடியாது. தொண்ணூற்றொன்று அப்படித்தான் ஏமாற்றும். அவருடைய இன்னொரு துரதிருஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஐம்பதோடு நிறுத்தாமல் இன்னும் சற்றே போயிருந்தால், ஐம்பத்து மூன்றால் அந்தப் பெரிய எண் மீதியில்லாமல் வகுபடுவதை அவரே கண்டிருப்பார். களைப்பு வந்த இடத்தில் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

ஆனால் ராஜா சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. "அப்படியானால் என் ராஜ்யம்? பதின்மூன்று துண்டா?"

திரிலோசனருக்கு உயிர் திரும்பியது. "பார்த்தீர்களா மகாராஜா! நல்ல நாளில், ஊர் முன்னால், தங்கள் ராஜ்யத்தைத் துண்டு போட்டவர் இவர்!"

"நான் போடவில்லை பண்டிதரே. துண்டு உள்ளேயே இருந்தது. நட்டவர் நீங்கள்."

"இரண்டே தூண்களை எடுத்துவிட்டால் எண்பத்தொன்பது! அதற்கு எந்தத் திரையும் பொருந்தாது!"

"திரை பொருந்தினால் வகுபடும் என்பது நிச்சயம். பொருந்தாவிட்டால் வகுபடாது என்பது நிச்சயம் இல்லை. ஐந்து தூணுக்கு எந்தத் திரையும் பொருந்தாது. ஆனாலும் நாற்பத்தொன்று உள்ளே நுழைந்துவிட்டது. நான் என் கையால் வகுத்துப் பார்த்தேன். எண்பத்தொன்பதுக்குள் எது ஒளிந்திருக்கிறதோ, எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது." அம்பலத்தாடி ராஜாவின் பக்கம் திரும்பினார். "மகாராஜா, தாங்கள் கேட்டது வகுபடாத எண். பண்டிதர் கொடுத்தது வகுக்கக் கஷ்டமான எண். இரண்டும் வேறு. இரண்டே தூண்களை விட்டுவிட்டு மற்றதை எடுக்கச் சொல்லுங்கள்."

"இரண்டா? பதினொன்றா? அவ்வளவு சின்ன எண்ணா?"

"தாங்களே சோதித்துவிடலாம். யாரையும் நம்ப வேண்டியதில்லை."

ராஜா விரல்களை மடக்கத் தொடங்கினார். இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று. மூன்றால், மீதி இரண்டு. நான்கால், மீதி மூன்று. ஐந்தால், மீதி ஒன்று. ஆறு முதல் பத்து வரை எதை எடுத்தாலும் ஒரு முறைதான் போனது, ஒவ்வொரு முறையும் மீதி நின்றது. இரண்டு இளவரசர்களும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார்கள். மூத்தவன், "அப்பா, ஒன்பதை விட்டுவிட்டீர்கள்," என்றான். இளையவன், "நான் பார்த்துவிட்டேன், மீதி இரண்டு," என்றான். மாம்பழத்துக்குச் சண்டை போட்ட இருவரையும் ராஜா மாறி மாறிப் பார்த்தார்.

"வகுபடவில்லை!" என்றார். "எதனாலும் வகுபடவில்லை! பத்து விரலுக்குள் வேலை முடிந்துவிட்டதே! இதற்காகவா இத்தனை கல்லைச் சுமக்க வைத்தேன்?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாசலில் கூடியிருந்த ஊரும் சிரித்தது. வைரவன் நுகத்தடியைத் தோளில் மாற்றிக்கொண்டு, "மாட்டைத்தான் மறுபடி கூப்பிடணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அம்பலத்தாடி, உனக்கு என்ன பரிசு தருவது? எடுக்கிற எண்பத்தொன்பது தூண்களும் உனக்கே! திரிலோசனரே, நீரே முன்னின்று அவன் வீட்டில் இறக்கிவிட்டு வாரும்."

வண்டி வண்டியாகத் தூண்கள் வந்து இறங்கின. வடிவு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"கல்லை வெச்சு என்னங்க செய்யறது?"

"மண்டபம் கட்டலாம். வழிப்போக்கர் தங்கட்டும்."

"சரி, வரிசையெல்லாம் சமமா இருக்கணும். ஒரு வரிசை நீளம், ஒரு வரிசை குட்டைன்னு இருந்தா எனக்குப் பிடிக்காது."

இரண்டு வரிசை என்றால் ஒரு தூண் மிஞ்சியது. மூன்று வரிசை என்றால் இரண்டு மிஞ்சின. நான்கு வரிசைக்கு ஒன்று, ஐந்து வரிசைக்கு நான்கு. அம்பலத்தாடி மறுபடி முற்றத்தில் மணலைக் கொட்டிக் கீறினார். தலையைச் சொறிந்தார். தூண்களை இறக்கிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த திரிலோசனர் எட்டிப் பார்த்து, "எண்பத்தொன்பது. இது நிஜமாகவே வகுபடாத எண், ஐயா. இந்த முறை நன்றாகப் பார்த்துவிட்டேன்," என்றார். குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தார்கள். பொழுது சாய்வதற்குள் வழி கிடைத்தது. எட்டு வரிசை, வரிசைக்குப் பதினொரு தூண். மிஞ்சிய ஒற்றைத் தூணை வடிவு கிணற்றடியில் படுக்கப் போட்டு, துணி துவைக்க வைத்துக்கொண்டாள்.